பேப்பர் போடும் பையன் – 5: பத்து சென்ட் வழக்கு

ஆறு சென்ட் கொடுத்தால் ஓர் இரவுக்குப் படுக்கை கிடைக்கும் நியூயார்க் விடுதியின் வாசலில் சென்ற வாரம் நின்றோம். 1833 செப்டம்பரில் பெஞ்சமின் டே ஒரு சென்ட் விலையில் 'சன்' பத்திரிகையைத் தொடங்கினார். விற்க ஆள் தேவை என்று விளம்பரம் கொடுத்தார். பெரியவர்களை எதிர்பார்த்த இடத்தில் பார்னி ஃபிளாஹெர்ட்டி என்ற பத்து வயதுப் பையன் வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான பையன்கள் வந்தார்கள். அவர்களில் வீடில்லாதவர்களுக்காக 1854-ல் சார்லஸ் லோரிங் பிரேஸ் அந்த விடுதியைத் திறந்தார்.

அங்கிருந்து 45 வருடங்கள் தாண்டுகிறோம். 1899 ஜூலை.

அமெரிக்காவின் இரண்டு மிகப் பெரிய பத்திரிகை முதலாளிகளை, மீசை முளைக்காத பையன்கள் எதிர்த்து நின்ற மாதம் அது.

* * *

உள்ளங்கைக் கணக்கு

நியூயார்க்கில் பார்க் ரோ என்றொரு தெரு. நகர மன்றத்துக்கு எதிரே, புரூக்ளின் பாலம் இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில். பெரிய பத்திரிகைகள் எல்லாம் அங்கேதான் தோளோடு தோள் உரசிக்கொண்டு இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே தங்க முலாம் பூசிய குவிமாடத்தோடு ஒரு கட்டடம். 1890-ல் கட்டி முடித்தபோது நகரத்திலேயே உயரமானது, 309 அடி. ஜோசப் புலிட்சரின் 'வேர்ல்டு' பத்திரிகை அங்கிருந்து வெளியானது.

பிற்பாடு அவர் பெயரில் ஒரு விருது வந்தது. அதே புலிட்சர்தான்.

மாலைப் பதிப்பு அச்சாகி வந்ததும் கட்டடத்தின் கீழே பையன்கள் முண்டியடிப்பார்கள். எட்டு வயதிலிருந்து பதினைந்து வயது வரை. ஐரிஷ், இத்தாலி, யூதக் குடியேறிகளின் பிள்ளைகள். 1899-ல் பெரும்பாலோருக்கு வீடு இருந்தது. லோயர் ஈஸ்ட் சைடின் நெரிசலான அடுக்குக் குடியிருப்புகளில் ஒற்றை அறை, இரட்டை அறை வீடுகள். பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்து மாலைப் பேப்பர் விற்றால் வீட்டுக்கு ரொட்டிக் காசு.

இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். முழுக்கதையும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

பையனுக்குச் சம்பளம் கிடையாது. அவன் பேப்பரை விலைக்கு வாங்குகிறான். கையில் இருக்கும் சில்லறையை எண்ணிக் கொடுத்து, மை காயாத கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறான். 100 பிரதிக்கு 50 சென்ட் கொடுத்தால், ஒன்று ஒரு சென்ட் வீதம் விற்று 100 சென்ட் பார்க்கலாம். மிச்சம் 50 சென்ட்.

நூறும் விற்றால்தான் இந்தக் கணக்கு. விற்காத பிரதியைத் திருப்பித் தர முடியாது. மழை வந்தாலும், செய்தி சப்பென்று இருந்தாலும், பக்கத்து முனையில் இன்னொருவன் பலமாகக் கூவினாலும், மிஞ்சிய பேப்பர் அவன் தலையில்தான். ராத்திரி வெகுநேரம் கழித்தும் சின்னப் பையன்கள் மதுக்கடை வாசலில் நின்று கூவியதற்குக் காரணம் இதுதான். கடைசி நாலு பிரதி போகாமல் வீட்டுக்குப் போனால் நாலு சென்ட் குப்பையில்.

லாபம் இரண்டு பேருக்கு, நட்டம் ஒருவனுக்கு. அந்த ஒருவனுக்கு வயது பத்து.

* * *

போர் கொடுத்த விலை

1898 பிப்ரவரி 15. கியூபாவின் ஹவானா துறைமுகத்தில் 'மெய்ன்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்து மூழ்கியது. ஸ்பெயினோடு போர் மூண்டது.

புலிட்சருக்கும் அவருடைய பரம எதிரி வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்ட்டுக்கும் அது அறுவடைக்காலம். ஹர்ஸ்ட், கலிஃபோர்னியாவின் சுரங்கச் சீமான் ஒருவரின் மகன். 1895-ல் 'ஜர்னல்' பத்திரிகையை வாங்கிக்கொண்டு நியூயார்க்குக்கு வந்தவர். இருவரும் போட்டி போட்டுக்கொண்டு தலைப்புகளைப் பெரிதாக்கினார்கள். ஒரு நாளில் பல பதிப்புகள். பையன்கள் கட்டுக் கட்டாக வாங்கினார்கள். வாங்கிய வேகத்தில் விற்றார்கள்.

அந்த அமளியில், 100 பிரதிக்கு 50 சென்ட் என்றிருந்த விலை 60 சென்ட் ஆனது. மற்றப் பத்திரிகைகளில் சிலவும் உயர்த்தின. பையன்கள் முணுமுணுத்ததோடு சரி. நூறு விற்ற இடத்தில் இருநூறு விற்கும்போது பத்து சென்ட் பெரிதாகத் தெரியவில்லை.

ஆகஸ்டில் சண்டை ஓய்ந்தது. மற்றப் பத்திரிகைகள் பழைய விலைக்கு இறங்கின. 'வேர்ல்டு'ம் 'ஜர்னல்'லும் இறங்கவில்லை.

1899 கோடை. போர் இல்லை, பெரிய தலைப்பு இல்லை. விற்பனை படுத்துவிட்டது. விலை மட்டும் அறுபதிலேயே நின்றது.

இப்போது அந்தப் பையனின் கணக்கைத் திரும்பப் போடுங்கள். நூறு வாங்கி எண்பது விற்றான் என்றால், முன்பு 30 சென்ட் மிஞ்சியிருக்கும். இப்போது 20. மூன்றில் ஒரு பங்கு காணோம். அவன் குறைவாக உழைக்கவில்லை. அதே தெரு, அதே கூச்சல், அதே கால் வலி.

* * *

கவிழ்ந்த வண்டி

பொறி விழுந்த இடம் பார்க் ரோ அன்று. ஆற்றுக்கு அப்பால் இருந்த லாங் ஐலண்ட் சிட்டி.

ஜூலை 18. 'ஜர்னல்' பேப்பர் கொண்டுவரும் வண்டிக்காரன் கட்டுகளில் எண்ணிக்கை குறைத்துக் கொடுப்பதைப் பையன்கள் கண்டுபிடித்தார்கள். நூறுக்குக் காசு வாங்கிக்கொண்டு நூறு தராமல் ஏமாற்றியிருக்கிறான். ஏற்கெனவே பத்து சென்ட் போன வயிற்றெரிச்சல். பையன்கள் வண்டியைக் கவிழ்த்தார்கள். பேப்பரை அள்ளிக்கொண்டார்கள். வண்டிக்காரனை ஊருக்கு வெளியே விரட்டினார்கள்.

சேதி ஆற்றைத் தாண்டியது. மறுநாள், ஜூலை 19, மன்ஹாட்டனில் நகர மன்றப் பூங்காவில் பையன்கள் கூடினார்கள்.

1880-களிலும் பேப்பர் பையன்கள் சிறு சிறு வேலைநிறுத்தங்கள் செய்ததுண்டு. இந்த முறை அவர்கள் நடந்துகொண்ட விதம் வேறு. சங்கம் என்று ஒன்றை அறிவித்தார்கள். பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒழுங்கைக் கவனிக்க ஒரு குழு போட்டார்கள். புரூக்ளினுக்கும் ஜெர்சி சிட்டிக்கும் ஆள் அனுப்பினார்கள். கோரிக்கை ஒன்றே ஒன்று: பழையபடி நூறுக்கு 50 சென்ட். அதுவரை 'வேர்ல்டு', 'ஜர்னல்' இரண்டையும் தொடுவதில்லை.

ஜூலை 20, வியாழக்கிழமை. வேலைநிறுத்தம் தொடங்கியது.

* * *

வாங்க மாட்டோம்

தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் என்றால் தொழிலாளி தன் உழைப்பைக் கொடுக்க மறுக்கிறான். இந்தப் பையன்களுக்கு அப்படி மறுக்க வழியில்லை. அவர்களை யாரும் வேலைக்கு வைத்திருக்கவில்லை. பத்திரிகையின் கணக்குப் புத்தகத்தில் அவர்கள் வாடிக்கையாளர்கள்.

சம்பளம் கேட்க முடியாது, அடிபட்டால் கேட்க நாதியில்லை, விற்காவிட்டால் நட்டம் உன்னுடையது என்று அவர்களைத் தனியே விட்டது அந்த ஏற்பாடுதான். அதே ஏற்பாடு இப்போது அவர்கள் கையில் ஆயுதமானது. வாங்குபவன் வாங்க மறுக்கலாம். வாங்கு என்று எந்தச் சட்டமும் அவனைக் கட்டாயப்படுத்த முடியாது.

பத்திரிகைகள் கருங்காலிகளைத் தேடின. பவரி பகுதியின் மலிவு விடுதிகளில் கிடந்த, வேலையில்லாத ஆட்களைக் காசு கொடுத்து அமர்த்தின. பேப்பரோடு தெருவுக்கு வந்தவர்களைப் பையன்கள் சூழ்ந்துகொண்டார்கள். கட்டைப் பிடுங்கிக் கிழித்தார்கள். வண்டிகள் மீது கல் விழுந்தது. கைகலப்பு நடந்தது. பையன்கள் கைதானார்கள். அடி கொடுத்தார்கள், அடி வாங்கினார்கள். இதை மறைத்துச் சொன்னால் வரலாறு ஆகாது.

போலீஸ் ஏன் உடனே அடக்கவில்லை? அதே நாட்களில் டிராம் வண்டித் தொழிலாளர்களும் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். போலீஸ்காரர்களில் பெரும்பகுதி தண்டவாளங்களைக் காவல் காத்துக்கொண்டிருந்தது. பையன்களுக்கு அது வாய்ப்பானது.

இன்னொரு வாய்ப்பும் அமைந்தது. 'சன்', 'டைம்ஸ்', 'டிரிப்யூன்' போன்ற பத்திரிகைகளுக்கு இந்தச் சண்டையில் இழப்பு இல்லை. எதிரிகள் இருவரும் தடுமாறுவதை அவை தினமும் விரிவாக எழுதின. பையன்களின் பேச்சை அவர்களுடைய தெருக் கொச்சையிலேயே அச்சிட்டன. 'வேர்ல்டு'ம் 'ஜர்னல்'லும் வாய் திறக்கவில்லை. போரையே விற்ற இரண்டு பத்திரிகைகளும், தங்கள் வாசலில் நடந்த போராட்டத்துக்கு இடம் தரவில்லை.

பையன்களின் பெயர்கள் அப்படித்தான் நமக்குக் கிடைத்தன. பட்டப்பெயர்கள்தான் பெரும்பாலும். ஒரு கண்ணில் பட்டை கட்டிய கிட் பிளிங்க். குதிரைப் பந்தயப் பைத்தியம் என்பதால் ரேஸ்டிராக் ஹிக்கின்ஸ். புரூக்ளின் படைக்குத் தலைவன் ஸ்பாட் கான்லன். கூடவே டேவிட் சைமன்ஸ் என்ற பையன், சங்கத்தின் தலைவன்.

* * *

இர்விங் ஹால், ஜூலை 24

திங்கட்கிழமை இரவு. புரூம் தெருவில் நியூ இர்விங் ஹால் என்ற கூடம். பையன்கள் அதில் பொதுக்கூட்டம் கூட்டினார்கள்.

வந்தவர்கள் 5,000 பேர் என்று மறுநாள் பேப்பர்கள் எழுதின. உள்ளே 2,000 பேர் அடைந்துகொண்டார்கள். மீதிப் பேர் தெருவில். வெறுங்காலோடு வந்தவர்கள், அப்பாவின் பழைய கோட்டை மடித்துப் போட்டுக்கொண்டு வந்தவர்கள், தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் என்று கூட்டத்தை உங்கள் கண்ணில் கட்டிப் பாருங்கள். அந்த வயதுக் கூட்டத்தை ஒரு வகுப்பறையில் அமைதியாக உட்கார வைப்பதே பாடு.

உட்கார்ந்தார்கள். கேட்டார்கள்.

சைமன்ஸ் தீர்மானங்களை வாசித்தான். பேப்பர் விற்கும் ஆனி என்ற பெண்ணும் மேடையேறினார். பையன்கள் பக்கம் நின்று, அந்த இரண்டு பேப்பரையும் விற்க மறுத்தவர் அவர்.

பிறகு கிட் பிளிங்க் எழுந்தான். முதலில் அவன் பேசியது அடிதடியைப் பற்றி. கட்டைப் பிடுங்குவதும் வண்டியை உடைப்பதும் இனி வேண்டாம் என்றான். கூட்டத்துக்கு அது பிடித்திருக்காது. ஆனாலும் சொன்னான். பிசினைப்போல ஒட்டிக்கொண்டு ஒற்றுமையாக நிற்க வேண்டும் என்றான்.

அடுத்து அவன் வைத்தது ஒரு கணக்கு. கோடீசுவரர்களான ஹர்ஸ்ட்டுக்கும் புலிட்சருக்கும் இந்தப் பத்து சென்ட் இவ்வளவு முக்கியம் என்றால், நமக்கு அது எவ்வளவு முக்கியமாக இருக்கும்? அவர்களால் அதை விட்டுக்கொடுக்க முடியாதாம். நம்மால் மட்டும் எப்படி முடியும்?

எந்தப் பொருளாதாரப் பேராசிரியரும் இதற்கு மேல் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. அன்றைய சிறந்த பேச்சுக்கென்று குதிரை லாட வடிவத்தில் ஒரு பூ வளையம் வைத்திருந்தார்கள். அது பிளிங்க்கின் கைக்குப் போனது.

* * *

சைட்ஸ் எழுதிய குறிப்புகள்

புலிட்சர் அப்போது நியூயார்க்கில் இல்லை. பார்வை அநேகமாகப் போய்விட்டது. சத்தம் ஆகாது. மெய்ன் மாநிலத்தின் பார் ஹார்பரில் கடலோர மாளிகையில் கோடையைக் கழித்துக்கொண்டிருந்தார். அலுவலகத்தை நடத்தியவர் நிர்வாக மேலாளர் டான் சைட்ஸ்.

சைட்ஸ் தன் முதலாளிக்கு அனுப்பிய குறிப்புகள் இன்றும் இருக்கின்றன. முதலில் அவர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சில நாட்களிலேயே தொனி மாறியது. நியூயார்க்கிலும் சுற்றுப்புற ஊர்களிலும் அநேகமாக எல்லாப் பையன்களும் விற்பதை நிறுத்திவிட்டார்கள், விஷயம் அபாயகரமாக வளர்ந்துவிட்டது என்று எழுதினார். விளம்பரம் கொடுத்தவர்கள் பணத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார்கள்.

'வேர்ல்டு' 3,60,000 பிரதிகளிலிருந்து 1,25,000-க்கு இறங்கியது.

நியூ ஹேவன், பிராவிடென்ஸ் என்று வெளியூர்ப் பையன்களும் கூடச் சேர்ந்துகொண்டார்கள். பையன்கள் பயந்து அடங்கிவிடுவார்கள் என்று நினைத்தவர்கள் எல்லோரும் ஏமாந்தார்கள்.

* * *

சந்தேகம் புகுந்த வாரம்

எந்தப் போராட்டத்திலும் இப்படி ஒரு வாரம் வரும். வெளியிலிருந்து உடைக்க முடியாததை உள்ளிருந்து ஒரு வதந்தி உடைக்கும்.

கிட் பிளிங்க்கும் சைமன்ஸும் பத்திரிகைகளிடம் பணம் வாங்கிவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியது. பிளிங்க் புது உடுப்புப் போட்டிருக்கிறான், சட்டைப் பையில் நோட்டுக் கட்டு இருக்கிறது என்றார்கள். இர்விங் ஹாலில் கை தட்டிய அதே பையன்கள் பார்க் ரோவில் அவனைத் துரத்தினார்கள். கும்பல் ஓடுவதைப் பார்த்த போலீஸ், முன்னால் ஓடிய பிளிங்க்கைப் பிடித்துக்கொண்டது. அமைதியைக் குலைத்ததாக வழக்கு.

அவன் பணம் வாங்கினான் என்று இன்றுவரை யாரும் நிரூபித்ததில்லை. ஆனால் தலைமை உடைந்துவிட்டது. பூ வளையம் வாங்கி ஒரு வாரம் ஆகவில்லை.

வீடுகளிலும் நிலைமை முற்றியிருக்கும். நாள் ஒன்றுக்கு இருபது, முப்பது சென்ட் கொண்டுவந்த கை பல நாட்களாக வெறுங்கை. அந்தக் காசை நம்பி அடுப்பு மூட்டிய அம்மாக்கள் எத்தனை நாள் பொறுப்பார்கள்?

* * *

ஆகஸ்ட் 2

ஆகஸ்ட் மாதம் பிறந்ததும் பத்திரிகைகள் ஒரு சமரசத்தை முன்வைத்தன. விலை 60 சென்ட்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் விற்காத பிரதிகளை முழு விலைக்குத் திருப்பி எடுத்துக்கொள்வோம்.

நம் ஊர் ஏஜென்ட்கள் 'ரிட்டர்ன்' என்று சொல்கிறார்களே, அதுதான்.

பையன்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஆகஸ்ட் 2-ம் தேதி வேலைநிறுத்தம் முடிந்தது.

தோல்வியா, வெற்றியா? கேட்டது 50, கிடைத்தது 60 என்பதால் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. நாம் பையனின் உள்ளங்கைக் கணக்குக்கே திரும்புவோம்.

நூறு வாங்கி நூறும் விற்கும் கெட்டிக்காரனுக்கு முன்பு 50 சென்ட் கிடைத்தது. இப்போது 40. அவனுக்கு நட்டம். நூறு வாங்கி எண்பது விற்பவனுக்கு, பழைய 50 சென்ட் விலையில் 30 மிஞ்சியது. இப்போது எண்பதுக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும், 32 மிஞ்சுகிறது. நூறில் 83 வரை விற்கிறவனுக்குப் புதிய ஏற்பாடுதான் லாபம். அதற்கு மேல் விற்கிறவனுக்குப் பழையது லாபம்.

83-ஐத் தாண்டியவர்கள் யார்? நல்ல முனை பிடித்த பெரிய பையன்கள். தாண்டாதவர்கள் யார்? சின்னவர்கள், புதியவர்கள், குரல் எடுபடாதவர்கள். மழையில் மாட்டிக்கொண்டவர்கள்.

ஆகவே என் தீர்ப்பு இது: அந்தப் பத்து சென்ட்டைப் பையன்கள் தோற்றார்கள். அதைவிடப் பெரிய ஒன்றை வென்றார்கள். விற்காத பேப்பரின் பாரத்தைப் பத்து வயதுத் தோளிலிருந்து இறக்கி, அச்சடித்தவரின் தோளில் ஏற்றினார்கள். மீந்த நாலு பிரதிக்காக ராத்திரி மதுக்கடை வாசலில் நிற்க வேண்டிய அவசியம் அந்தக் கோடையில் தளர்ந்தது.

சங்கம் நிலைக்கவில்லை. பையன்கள் மறுபடியும் தெருமுனைகளுக்குச் சிதறினார்கள். ஆனாலும் ஒரு கேள்வி பொதுவெளிக்கு வந்துவிட்டது. 1903-ல் நியூயார்க் மாநிலம் சட்டம் போட்டது: பத்து வயதுக்கு உட்பட்ட பையன்கள் தெருவில் பேப்பர் விற்கக் கூடாது; அதற்கு மேல் பதினான்கு வயது வரை, பேட்ஜ் வாங்கிக்கொண்டுதான் விற்க வேண்டும். 1904-ல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழு உருவானது. சில வருடங்களில் லூயிஸ் ஹைன் என்ற புகைப்படக்காரர் அந்தக் குழுவுக்காகக் கேமராவோடு இப்படிப்பட்ட பையன்களைத் தேடி வந்தார்.

எல்லோரும் சேர்ந்து கேட்டும் பதில் வராத கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. இந்தப் பையன் தொழிலாளியா, வியாபாரியா? தொழிலாளி என்றால் அவனுக்குக் கூலியும் பாதுகாப்பும் தர வேண்டும். வியாபாரி என்றால் ஒன்றும் தர வேண்டாம். பத்திரிகைகள் எதைச் சொல்லும் என்பது உங்களுக்கே தெரியும்.

* * *

தெருமுனையிலிருந்து வாசலுக்கு

இதற்கிடையே பேப்பரே இடம் மாறிக்கொண்டிருந்தது. நகரங்கள் விரிந்தன. மக்கள் புறநகர் வீடுகளுக்குப் போனார்கள். முனையில் நின்று கூவுவதைவிட, மாதச் சந்தா பிடித்து வாசலில் போடுவது நிச்சயமான வியாபாரம் ஆனது. கூவிய பையன், போடும் பையனாக மாறினான். அவனுக்கென்று சில தெருக்கள், சில வீடுகள், ஒரு ரூட். அந்த ரூட்டே விலைக்கு வாங்கி விற்கும் சொத்தானது.

1911. கன்சாஸ் சிட்டி. எலியாஸ் என்ற தந்தை 'கன்சாஸ் சிட்டி ஸ்டார்' பத்திரிகையின் ரூட் ஒன்றை விலைக்கு வாங்குகிறார். நூற்றுக்கணக்கான வீடுகள். பேப்பர் போட இரண்டு மகன்களை இறக்குகிறார். இளையவனுக்கு ஒன்பது வயது. விடிவதற்கு வெகு முன்னால் எழுப்பிவிடுகிறார். முழங்கால் மூழ்கும் பனியிலும் அவன் படியேறிப் போய்க் கதவோரம் பேப்பரை வைக்க வேண்டும். சாப்பாடும் படுக்கையும் தருகிறேனே என்று சொல்லி, அவனுக்கு அவர் கூலி தரவில்லை. பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற பிறகும், பேப்பர் போடாமல் விட்ட வீடுகள் அவன் கனவில் வந்துகொண்டிருந்தன.

அவன் பெயர் வால்ட் டிஸ்னி.

நியூயார்க் பையன்களுக்கு எதிரே நின்றவர்கள் புலிட்சரும் ஹர்ஸ்ட்டும். அவர்களிடமிருந்து வாங்க மாட்டோம் என்று சொல்ல முடிந்தது. முதலாளியாக நிற்பது சொந்த அப்பா என்றால், ஒன்பது வயதுப் பையன் யாரிடம் போய் வேலைநிறுத்தம் செய்வான்?

(அடுத்த வாரம்)